முள்ளே ஊசி

கௌபீனம் கிழிந்துவிட்டது. தைக்க ஊசியும் இல்லை, நூலும் இல்லை. கேட்டால் ஓடிப்போய் வாங்கிவரப் பத்துப் பேர் இருந்தார்கள். ஆனால் தனக்கென்று எதையும் கேட்பதில்லை என்பது அந்த மனிதரின் வழக்கம். கீழே கிடந்த முள் ஒன்றை எடுத்தார். இன்னொரு சிறு முள்ளால் அதன் அடிப்பக்கத்தில் துளையிட்டார். ஊசிக்குக் காது வந்துவிட்டது. கிழிந்த துணியிலிருந்தே ஓர் இழையை உருவி அதில் கோத்துத் தைத்துக் கட்டிக்கொண்டார்.

ரமண மகரிஷி மலைமேல் இருந்த காலத்துச் செய்தி இது. திருவண்ணாமலையில் இதைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அவருடைய எளிமைக்குச் சான்றாகத்தான் எல்லோரும் இதைச் சொல்வார்கள். எளிமை இருக்கிறது, மறுக்கவில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்த இழை. நூல் கடையில் இருக்கும் பொருள் என்று நமக்குப் பழகிவிட்டது. துணியே நூல்தான் என்பது கண்முன்னால் இருந்தும் மறந்துபோகிறது. என்ன இல்லை என்று தேடாமல், கையில் இருப்பது எதனால் ஆனது என்று பார்ப்பவருக்குத்தான் அந்த இழை கண்ணில் படும்.

நான் இருப்பது அடி அண்ணாமலையில். திருவண்ணாமலையின் பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. நாங்கள் மேற்கே. பேருந்தில் வந்து இறங்குபவர்களுக்கு இது மலையின் பின்பக்கம். எங்களுக்கோ இதுதான் மலையின் முகம். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வருகிறவர்கள் ஆதி அண்ணாமலையாரைக் கும்பிட்டுவிட்டு, திண்ணையிலோ டீக்கடை பெஞ்சிலோ சற்று உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு எப்படியும் ‘நான் யார்?’ என்ற இடத்துக்கு வந்துவிடும். 1902-இல் வருவாய்த் துறை ஊழியரான சிவப்பிரகாசம் பிள்ளை விரூபாட்ச குகைக்குப் போய்க் கேட்ட கேள்வி அது. ரமணர் அப்போது பேசுவதில்லை. மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டிய பதில்கள்தான் பிற்பாடு சிறு நூலாக வந்தன.

அந்தக் கேள்வியைத் தியான மண்டபத்தோடு நிறுத்திவிடுகிறார்களே என்பதுதான் என் வருத்தம். கேட்கச் சொன்னவர் சமையலறையிலும் அப்படியேதான் இருந்தார். கத்தரிக்காய் அரிந்தபின் குவிந்து கிடக்கும் காம்புகளை எறியவிடாமல், நெடுநேரம் வேகவைத்துக் கறியாக்கியதை ஆசிரமச் சமையலறையில் வேலைசெய்த பெண்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அச்சடித்த தாள்களின் வெற்றுப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்தால் நோட்டுப் புத்தகம். தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து மெருகேற்றினால் கிண்ணம். வேலூர் ஊரிஸ் கல்லூரியின் தெலுங்குப் பண்டிதர் ரங்காச்சாரி பலன் கருதாத செயலாகிய நிஷ்காமிய கர்மம் பற்றிக் கேட்டபோது, ரமணர் வாயால் பதில் சொல்லாமல் மலையேறிப் போய் முள்ளுக் கழி ஒன்றை எடுத்து முள் நீக்கிக் கணு சீவினார். வழவழப்பாக்க உப்புத்தாளுக்கு எங்கே போவது? சொரசொரப்பான இலையால் தேய்த்தார். முடிந்ததும், கோலைத் தொலைத்துவிட்டு நின்ற ஆட்டுக்காரப் பையனிடம் கொடுத்துவிட்டார்.

அவர் இந்த ஊருக்கு வந்த கதையிலேயே நமக்கு ஒன்று இருக்கிறது. 1896 ஆகஸ்ட் இறுதியில் மதுரையில் அந்தப் பதினாறு வயதுப் பையன், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வீட்டில் இருந்த பழைய அட்லஸில் அண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம். அதை நம்பி இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவுக்குத் திண்டிவனத்துக்கே டிக்கெட் எடுத்தான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாக ரயில் பாதை போட்டாகிவிட்டது அந்த அட்லஸுக்குத் தெரியாது. ரயிலில் உடன் வந்த மௌல்வி ஒருவர்தான் விழுப்புரத்தில் மாற வேண்டும் என்று சொன்னார். மிச்சக் காசு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் வந்தது. அங்கிருந்து அறையணிநல்லூருக்கு நடை.

அட்லஸ் பொய் சொல்லவில்லை. அச்சான காலத்தில் அது சரி. நம்மை முடக்குபவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான் என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் சரியாக இருந்து, அதன்பின் யாரும் சரிபார்க்காமல் விட்டவை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா கோடையில் வடகம் போட்டு விற்கிறார். வாசலில் காயவைத்தால் கோழி, மாடியில் காயவைத்தால் காக்கை. காவலுக்கு ஒரு பிள்ளையைக் குச்சியோடு உட்கார வைப்பதுதான் ஊர் வழக்கம். அவர் வீட்டுப் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருநாள் பார்க்கிறேன், மாடியில் கயிற்றுக் கட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. நான்கு கால்களும் வானத்தைப் பார்க்க, அவற்றில் பழைய கொசுவலையை இழுத்துக் கட்டியிருக்கிறார். உள்ளே கயிற்றின்மேல் வேட்டி, வேட்டியின்மேல் வடகம். “கம்பம் நடணும், கம்பம் நடணும்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டிருந்தேன் தம்பி. கட்டிலுக்குத்தான் நாலு காலு இருக்கே” என்றார். குரங்கு வந்தால் வலை தாங்காது என்பதையும் அவரே சொன்னார். ஆனால் அவருக்கு அன்றாடத் தொல்லை காக்கையும் கோழியும்தான், அது தீர்ந்தது. கட்டிலுக்குக் கால் கீழேதான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. படுப்பதற்கு அது சரி, அவ்வளவே.

இந்த மலையே இப்போது பச்சையாக இருப்பதற்கும் இப்படியொரு கேள்விதான் காரணம். மலை மொட்டையாகக் கிடந்ததைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. காடு இல்லையா, மரம் நடு என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். 1980களின் இறுதியிலிருந்து நட்டார்கள். இன்றும் வனத்துறையும் ‘தி ஃபாரஸ்ட் வே’ போன்ற அமைப்புகளும் நடுகிறார்கள். ஆனால் மாசி, பங்குனியில் ஆளுயரப் புல் காய்ந்து நிற்கும். ஒரு பீடித் துண்டு போதும், அணையாத ஒரு கற்பூரம் போதும். வளர்ந்ததெல்லாம் ஒரே இரவில் போய்விடும். நடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இங்கே மரம் ஏன் நிலைப்பதில்லை என்பதுதான்.

தீயை அணைக்கத் தண்ணீர் வேண்டும் என்பதும் கீழே, தெருவில் சரியாக இருக்கும் பாடம். மலைமேல் செங்குத்துப் பாறையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு யார் ஏறுவது? தீயணைப்பு வண்டி கிரிவலப் பாதையோடு நின்றுவிடும். மேலே போகிறவர்கள் பச்சைத் தழைக் கொத்தை ஒடித்துத் தீயின் ஓரத்தை அடித்து அணைக்கிறார்கள். அதைவிட முக்கியமான வேலை தீ வருவதற்கு மாதங்களுக்கு முன்பே நடக்கிறது. புல்லை அறுத்து மலையின் குறுக்கே அகலமான பட்டைகளாக வெறும் தரையை உண்டாக்குகிறார்கள். தீத்தடுப்புக் கோடு என்று பெயர். அதுவரை ஓடிவரும் தீக்குத் தின்ன அங்கே ஒன்றும் இருக்காது. பலமுறை அங்கேயே படுத்துவிடும். தீ படாமல் சில ஆண்டுகள் காத்த சரிவுகளில் யாரும் நடாத மரங்களும் எழுந்தன. வேர் மண்ணுக்குள் உயிரோடுதான் இருந்திருக்கிறது. ஆண்டுதோறும் எரிந்துகொண்டிருந்ததால் தலைதூக்க முடியவில்லை. வெயிலில் அந்தக் கோட்டை வெட்டுகிற ஆண்களும் பெண்களும் சுற்றுக் கிராமத்துக்காரர்கள். புல் எந்தப் பக்கம் முதலில் காயும், எந்தப் பள்ளத்தில் காற்று திரும்பும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். இந்த ஊரில் நான் பெரிதும் மதிக்கும் அறிவு அவர்களுடையது.

இன்னொரு பழைய அட்லஸ் நம் கையில் இருக்கிறது. மலை அசையாது என்பது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகருக்கு மேலே சரிவு பெயர்ந்து, பாறையும் மண்ணும் வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் பிள்ளைகள். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. அடிவாரத்தில் வீடு கட்டிக்கொண்டவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. வாடகைக்கும் வருமானத்துக்கும் ஏற்ற இடத்தில்தான் மனிதர் வீடு கட்ட முடியும். ஆனால் இன்று மேற்குப் பக்கமும் மனை மனையாகக் கல் நட்டு விற்பனை நடக்கிறது. வாங்க வருகிறவர்கள் பத்திரம் பார்க்கிறார்கள், வில்லங்கம் பார்க்கிறார்கள், வாசல் எந்தத் திசை என்று பார்க்கிறார்கள். மழை வலுத்தால் தண்ணீர் மேலிருந்து எந்த வழியாக இறங்கும் என்று கேட்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் ஊரிலேயே இருக்கிறது. சிறு வயதில் மலையில் ஆடு மேய்த்த பெரியவர்களிடம் கேட்டால், எந்த ஓடை எங்கே பிறந்து யாருடைய கொல்லை வழியாக எந்த ஏரிக்குப் போனது என்று விரல் நீட்டிக் காட்டுவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை மலையடிவாரத்தை நடந்து, அவர்கள் சொல்வதையெல்லாம் கிராம வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். ஊராட்சி செய்தாலும் சரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்தாலும் சரி, இந்தக் கோடையிலேயே செய்ய வேண்டும். அவர்களில் பலருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.