வடக்கன்குளம் வரை ஒரு திருப்பயணம்

திருத்தலங்களுக்குச் செல்வது நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் புதிதன்று. வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகச் செல்வோரும், பூண்டிக்கும் ஓரியூருக்கும் பேருந்து அமர்த்திச் செல்வோரும் பங்குதோறும் உண்டு. நேர்ச்சை செலுத்துகிறோம், மெழுகுதிரி ஏற்றுகிறோம், மன நிறைவோடு வீடு திரும்புகிறோம். ஆனால், புனிதர்கள் வாழ்ந்த மண்ணை மிதித்த நம் கால்கள், திரும்பி வந்தபின் அண்டை வீட்டாரை நோக்கி எவ்வாறு நடக்கின்றன? இவ்வினாவை உள்ளத்திற்கொண்டு, நம் பங்கைச் சேர்ந்த சில குடும்பங்களோடு, குமரி மாவட்டத்தின் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி, மறைசாட்சியான புனித தேவசகாயத்தின் அடிச்சுவட்டில் ஒரு நாட்பயணம் மேற்கொண்டோம். அன்பு வாசகர்களே, நீங்களும் நம்முடன் வாருங்கள்.

பயணத்தை நட்டாலத்தில் தொடங்கினோம். 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், நீலகண்டன் என்ற பெயரோடு அவர் பிறந்த ஊர் இது. தென்னையும் வாழையும் அடர்ந்த அமைதியான சிற்றூர். செல்வாக்குள்ள நாயர் குடும்பத்தில் பிறந்த அவர், கல்வியிலும் போர்ப்பயிற்சியிலும் தேர்ந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசுப் பணியில் அமர்ந்தார். பிறப்பும் பதவியும் தந்த பெருமை அனைத்தும் அவருக்கு இருந்தன என்பதை இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்து பத்மநாபபுரம் அரண்மனை. தமிழக மண்ணில் நின்றாலும் இன்றும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ள இம்மர மாளிகையின் தச்சு வேலைப்பாடுகளைக் காணக் கண் இரண்டு போதா. அங்கே நீண்டு கிடக்கும் ஊட்டுப்புரையில் நம்மவர்கள் நெடுநேரம் நின்றார்கள். நூற்றுக்கணக்கானோர் வரிசையாக அமர்ந்து உண்ட கூடம் அது. ஆனால் அங்கே இலை விரிக்கப்பட்டது அந்தணர்களுக்கு மட்டுமே. யார் யாரோடு அமர்ந்து உண்ணலாம், யார் எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் பிறப்பே முடிவு செய்த காலம் அது. அந்தக் காலத்தின் நடுவேதான் நீலகண்டன் வாழ்ந்தார்.

அரண்மனைக்கு அருகிலேயே, புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்னர் மன்னரின் நம்பிக்கையைப் பெற்று, படைக்குப் பயிற்சி அளித்தவர். கோட்டைக்குள் சிதைந்து நிற்கும் சிற்றாலயத்தில் அவருடைய கல்லறை உள்ளது. இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இழப்புமேல் இழப்பு வந்து நீலகண்டன் மனம் சோர்ந்திருந்தபோது, உடன் பணியாற்றிய டிலனாய் அவரிடம் யோபுவின் வரலாற்றைச் சொல்லித் தேற்றினார். டிலனாய் குருவல்லர், மறைபரப்பாளருமல்லர், மனைவி மக்களோடு வாழ்ந்த ஒரு பொதுநிலையினர். வேலையிடத்தில், துயருற்ற தோழன் ஒருவனுக்குச் செவிகொடுத்து அவர் பேசிய ஆறுதல் மொழியே ஒரு புனிதரை நமக்குத் தந்தது. நம் அலுவலகத்திலும் ஆலையிலும் வயலிலும் வாடிய முகத்தோடு நிற்பவர் எத்தனை பேர்! "என்ன வருத்தம்?" என்று கேட்க நமக்கு நேரம் இருக்கிறதா?

1745-ஆம் ஆண்டு மே மாதத்தில், திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் இருந்த வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குருவான புத்தாரி அடிகளாரிடம் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். இலாசரு என்ற பெயரின் பொருளைத் தமிழில் தாங்கித் தேவசகாயம் ஆனார். அவருடைய மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார். அன்றுமுதல் அவர் நடத்தை மாறியது. தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டோரோடு வேற்றுமை பாராமல் பழகினார். எல்லாரும் ஒரே தந்தையின் மக்கள் என்று வாயால் சொன்னதோடு நில்லாமல், அவ்வாறே வாழ்ந்தார். அவருக்குப் பகை மூண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

1749-இல் அவர் கைது செய்யப்பட்டார். எருக்கம்பூ மாலை சூட்டி, எருமைமேல் பின்புறம் நோக்கி அமர்த்தி, ஊர் ஊராக இழுத்துச் சென்று அடித்தார்கள். மூன்று ஆண்டுகள் இத்துன்பம் நீடித்தது. புலியூர்க்குறிச்சியில், தாகத்தால் வாடிய அவர் முட்டியால் மோத, நீர் சுரந்ததாக மக்கள் போற்றும் பாறையருகே செபித்துவிட்டு, கோட்டாற்றுத் தூய சவேரியார் பேராலயத்தில் அவருடைய கல்லறையை வணங்கி, ஆரல்வாய்மொழியை அடைந்தபோது உச்சிவேளை.

கணவாய்க் காற்று வீசி அடிக்கும் ஊர் அது. எங்கு நோக்கினும் காற்றாலைகள் சுழல்கின்றன. இங்குள்ள காற்றாடி மலையில்தான் 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் வீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தட்டினால் மணியோசை தரும் பாறையைச் சிறுவர்கள் கல்லால் தட்டி மகிழ்ந்தார்கள். பின்னர் மரநிழலில் உணவுப் பொட்டலங்களைப் பிரித்தோம். அப்போது நம் கண்ணில் ஒன்று பட்டது. யாரும் சொல்லாமலே, ஒவ்வொரு தெருவைச் சேர்ந்தவர்களும் தனித்தனி வட்டமாக அமர்ந்திருந்தார்கள். பேருந்து ஓட்டி வந்த தம்பி ஒரு கல்லின்மேல் தனியே உண்டுகொண்டிருந்தார். பகையில்லை, சினமில்லை; பழக்கம் மட்டுமே. அரண்மனை ஊட்டுப்புரையைக் கண்டு காலையில் பெருமூச்சுவிட்டவர்களும் இவர்களே.

இறுதியாக வடக்கன்குளம் சென்றோம். பிறப்பின் பெருமையைத் தேவசகாயம் துறந்த இவ்வூரிலேதான், அவர் இறந்து நூறாண்டுகளுக்குப்பின், வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இரு சமூகத்தார் ஒருவரையொருவர் பாராமல் திருப்பலி காணும்படி, இரு கிளைகளாகப் பிரிந்து பீடத்தருகே கூடும் வடிவில் இங்கே ஆலயம் எழுப்பப்பட்டது. நடுவே தடுப்பும் வைக்கப்பட்டது. அதற்கு இசைந்தவர்கள் குருக்களே என்பதையும் மறைத்தலாகாது. தடுப்பின் இருபுறத்தாரும் ஒரே பீடத்திலிருந்து ஒரே அப்பத்தை உண்டார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் காணவில்லை. 1910-இல் தடுப்பு அகற்றப்பட்டது. அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்காடினார்கள், வழக்கில் தோற்றார்கள்.

இவ்வரலாற்றை ஆலயத்தின் முன் நின்று நாம் எடுத்துரைத்து முடித்ததும், நம்மோடு வந்திருந்த மூதாட்டி ஒருவர் மெல்லக் கேட்டார்: "சாமி, கோயில்ல இருந்த தடுப்ப எடுத்தாச்சு. எங்க வீட்டுப் புறவாசல்ல தனியா கவுத்தி வச்சிருக்க தம்ளர யாரு எடுக்கது?"

எவரும் பேசவில்லை. அவருடைய மருமகள் தலை குனிந்து நின்றாள். அவ்வம்மையாருக்கு நாம் விடை சொல்லவில்லை. விடை அவருக்கே தெரிந்திருந்தது.

அன்புக் குடும்பங்களே, திருச்சபை இதுபற்றித் தெளிவாகவே பேசியிருக்கிறது. 2003-ஆம் ஆண்டு தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களிடையே நிலவும் சாதி வேற்றுமையின் சாயல்கூட நம் விசுவாசத்திற்கு மாறானது என்று அறிவுறுத்தினார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை, தலித் மக்களின் மேம்பாட்டிற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசு தேவசகாயத்தைப் புனிதராக உயர்த்தியபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் விலக்கப்பட்டது. ஆனால் சுற்றுமடலும் கொள்கையும் நம் அடுக்களைக்குள் வந்து தம்ளரை எடுத்து வைக்க மாட்டா. அது நம் கையால் ஆக வேண்டிய செயல்.

திருப்பலியில் சமாதான வாழ்த்துக் கூறிக் கும்பிடுகிறோம். அதே மனிதர் மறுநாள் கூலிக்காக நம் வாசலில் நிற்கும்போது, திண்ணையில் அமரச் சொல்கிறோமா? வயதில் மூத்தவரை "வாங்க" என்கிறோமா, "வா" என்கிறோமா? பிள்ளைகளின் காதுபட எந்தச் சொல்லால் பிறரைக் குறிக்கிறோம்? சவ அடக்கத்திற்கும் திருமணத்திற்கும் யாருடைய வீட்டுப்படியை மிதிக்கத் தயங்குகிறோம்? மாலைச் செபம் முடிந்ததும் இவ்வினாக்களில் ஒன்றையேனும் குடும்பமாக அமர்ந்து பேசிப் பாருங்கள். அது நல்லதோர் ஆன்மசோதனையாக அமையும்.

திரும்பும் வழியில் ஒரு கடையின் முன் தேநீருக்காகப் பேருந்து நின்றது. அந்த மூதாட்டி முதலில் இறங்கி, ஓட்டுநரைக் கையமர்த்தி, "தம்பி, இங்கன வந்து எங்கூட இருங்க" என்று விசிப்பலகையில் இடம் ஒதுக்கினார். மருமகளும் வேறு தெருவைச் சேர்ந்த இரு பெண்களும் அதே பலகையில் வந்து அமர்ந்தார்கள். மற்றவர்கள் தத்தம் இடங்களிலேயே நின்று பருகினார்கள். அப்பலகையில் இன்னும் இருவருக்கு இடம் இருந்தது.