பெசன்ட் நகர் பேத்தி சொன்ன வலிக்கணக்கு

பத்மா லட்சுமி பற்றி எந்தச் செய்தி வந்தாலும், எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் முதலில் வருகிற கேள்வி, "யாரு, சல்மான் ருஷ்டியோட முன்னாள் மனைவியா?" என்பதுதான். அந்தத் திருமணம் 2004-ல் நடந்து 2007-ல் முடிந்துவிட்டது. ஒரு பெண்ணின் ஐம்பத்தைந்து வருட வாழ்க்கையில் மூன்று வருடம். ஆனாலும் தலைப்பில் அந்த மூன்று வருடம்தான் ஓடும். இல்லையென்றால், "52 வயதில் நீச்சலுடையில் அசத்தல்" ஓடும். 2023-ல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில் அவர் படம் வந்தபோது அப்படித்தான் ஓடியது. அதே வருடம் டைம் பத்திரிகையின் செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியலிலும் அவர் இருந்தார். அதை யார் க்ளிக் செய்தார்கள்?

நான் தாம்பரத்தில் இருந்து தினமும் லோக்கல் ரயிலில் ஆபீஸ் போகிறவள். ஜர்னலிசம் டிப்ளமோ முடித்து இந்த வேலைக்கு வந்தேன். நியூயார்க்கின் பெரிய இடத்துப் பார்ட்டிகளில் வைர நகையோடு நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றி எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. அதற்கு முன்னால் அவர் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1970 செப்டம்பர் 1 அன்று மெட்ராஸில் பிறந்தவர். முழுப்பெயர் பத்மா பார்வதி லட்சுமி வைத்தியநாதன். குழந்தைக்கு இரண்டு வயதாக இருந்தபோது பெற்றோர் பிரிந்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், விவாகரத்தான ஒரு பெண் இங்கே எப்படி வாழ்ந்திருக்க முடியும் என்று நம் வீட்டுப் பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். அவர் அம்மா ஒரு நர்ஸ். 1965-ல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியதும், நம் ஊர் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் இன்ஜினீயர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருந்தது. மகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு அம்மா கிளம்பிப் போனார். நான்கு வயதில் பத்மாவும் போய்ச் சேர்ந்தார்.

இன்றைக்கும் எங்கள் தெருவில் இதே கதை நடக்கிறது. இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா நர்ஸாக வளைகுடாவில் இருக்கிறார். அவர் மகனை, சாயங்காலம் டியூஷனுக்கு ஆயாதான் கைப்பிடித்துக் கூட்டிப் போகிறார். வீடியோ காலில் அம்மா. வெளிநாட்டுப் பணம் என்று நாம் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் ஆயா இருக்கிறார்.

அமெரிக்கப் பள்ளியில் 'பத்மா' என்ற பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. உயர்நிலைப் பள்ளியில் சில வருடங்கள் தன்னை 'ஏஞ்சலிக்' என்று அழைத்துக்கொண்டார். ஓ.எம்.ஆர். கால் சென்டரில் நைட் ஷிப்ட் பார்க்கும் என் தோழிக்கும் ராத்திரிக்கு மட்டும் ஒரு பெயர் உண்டு. ஆனால் அவள் காலையில் வேளச்சேரியில் இறங்கும்போது அதைக் கழற்றி வைத்துவிடலாம்.

பதினான்கு வயதில் விபத்து. மாலிபு கோயிலுக்குப் போய்விட்டுக் குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தபோது கார் உருண்டு, வலது கை நொறுங்கியது. அறுவை சிகிச்சை ஏழு அங்குலத் தழும்பை விட்டுப்போனது. கல்லூரிப் படிப்பின்போது மாட்ரிட்டில் ஒரு மாடலிங் ஏஜென்ட் கண்ணில் பட்டார். தழும்பை மேக்கப்பில் மறைத்துக்கொண்டிருந்தவரை, ஹெல்முட் நியூட்டன் என்ற புகழ்பெற்ற போட்டோகிராபர் அந்தத் தழும்புக்காகவே படம் எடுத்தார். அதன்பிறகு அதுவே அவர் அடையாளம் ஆனது. பாரிஸ், மிலன், நியூயார்க் மூன்று ஊரிலும் தொழில் செய்த முதல் இந்திய மாடல் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். (எங்கள் ஏரியா ஸ்டூடியோவில், கல்யாண ஜாதக போட்டோவுக்குப் போனால் முகப்பரு தழும்பைக் கேட்காமலேயே அழித்துக் கொடுக்கிறார்கள். ஹெல்முட் நியூட்டன் கிழக்குத் தாம்பரத்தில் கடை போட்டிருந்தால் ஒரே மாதத்தில் மூடியிருப்பார்.)

மாடலிங்கில் வயது ஏற ஏற வாய்ப்பு குறையும். அவர் அடுப்படிக்குப் போனார். 1999-ல் முதல் சமையல் புத்தகம். 2006-ல் 'டாப் செஃப்' ரியாலிட்டி ஷோவின் இரண்டாவது சீசனில் தொகுப்பாளர், நடுவர். இருபதாவது சீசன் முடிந்து 2023-ல்தான் அதிலிருந்து வெளியே வந்தார். நடுவில் நகை பிராண்ட், மசாலா, உறைநிலை உணவு, டீ, மேக்கப் என்று வியாபாரமும் செய்தார். 2020-ல் 'டேஸ்ட் தி நேஷன்' என்று சொந்தமாக ஒரு நிகழ்ச்சி. அமெரிக்காவுக்குக் குடியேறிய மக்களின் சாப்பாட்டைத் தேடிப்போகும் பயணம் அது. அதில் ஒரு எபிசோட் முழுக்க தோசை. அம்மாவும் மகளும் கூடவே வருவார்கள்.

பெசன்ட் நகரில் தாத்தா பாட்டி வீட்டில் கழித்த நாட்களைப் பற்றியும் தயிர் சாதத்தைப் பற்றியும் அவர் நிறைய பேசியிருக்கிறார். தமிழில் அவரைப் பற்றி வருகிற கட்டுரைகள் எல்லாம் அந்தத் தயிர் சாதத்தில்தான் போய் நிற்கும். எங்கோ போனாலும் பாட்டி கைமணத்தை மறக்கவில்லை பாருங்கள் என்று நமக்கும் பெருமையாக இருக்கும்.

ஆனால் 2018 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸில் அவர் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகு, எனக்கு அந்தப் பாட்டி வீட்டுக் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. பதினாறு வயதில் தனக்கு நடந்த பாலியல் வன்முறையை அவர் அதில் வெளிப்படையாக எழுதினார். அதோடு இன்னொன்றும் இருந்தது. ஏழு வயதில், மாற்றாந்தந்தையின் உறவினர் ஒருவர் தப்பாக நடந்துகொண்டதை வீட்டில் சொன்னார். சொன்ன கொஞ்ச நாளில், ஒரு வருடத்துக்கு அவரை இந்தியாவுக்குத் தாத்தா பாட்டியிடம் அனுப்பிவிட்டார்கள். வாயைத் திறந்தால் வெளியே அனுப்பப்படுவோம் என்பதுதான் தான் கற்ற பாடம் என்று எழுதியிருந்தார். பாட்டி வீடு அவருக்கு நிழல்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு வருடம் அவர் அந்த நிழலுக்கு வந்த காரணம் அது.

பேசினால் என்ன ஆகும் என்று ஏழு வயதிலேயே பார்த்துவிட்ட ஒருவர், பிறகு எதைப் பேசினார் என்பதுதான் என்னைத் தொட்ட விஷயம். அவர் மாதவிடாய் வலியைப் பேசினார்.

பதின்மூன்று வயதில் தொடங்கி, ஒவ்வொரு மாதமும் பல நாட்கள் படுக்கையில். அவர் அம்மாவுக்கும் அப்படித்தான் வலிக்குமாம். பெண்ணாகப் பிறந்தால் அப்படித்தான் என்று வளர்த்திருக்கிறார். அந்த அம்மா ஒரு நர்ஸ் என்பதை மறந்துவிடாதீர்கள். அது எண்டோமெட்ரியோசிஸ் என்று பத்மாவுக்குத் தெரிந்தபோது வயது 36. இருபத்து மூன்று வருடம். அதற்குள் மாடலாக ராம்ப்பில் நடந்தாகிவிட்டது, படங்களில் நடித்தாகிவிட்டது, டிவிக்கும் வந்தாகிவிட்டது. இதையெல்லாம் செய்தபோது மாதத்தில் ஒரு வாரம் அவர் உடம்பு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எந்தப் போட்டோவும் சொல்லாது.

கருப்பையின் உட்புறச் சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ கருக்குழாயிலோ குடலின் மேலோ வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். மாதாமாதம் அதுவும் வீங்கும், புண்ணாகும், தழும்பாகும். சில நேரம் உறுப்புகளையே ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். குழந்தைப்பேற்றையும் பாதிக்கலாம். உலகம் முழுக்க கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவிகிதம் பேருக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்தில் ஒருவர். காலை எட்டு மணி ரயிலில், லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் கம்பியைப் பிடித்து நிற்கிறவர்களை எண்ணிப் பாருங்கள்.

நான் எண்ணியிருக்கிறேன். தாம்பரத்தில் ஏறுகிறவளுக்கு எப்படியும் சீட் கிடைத்துவிடும். அது எனக்குப் பெரிய வரம். அந்த இரண்டு நாட்களில் பையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு, குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கடப்பேன். எதிர்த் திசையில் வந்து சானடோரியத்தில் இறங்கி மெப்ஸுக்குள் போகிற அக்காக்கள் பலர் நின்றுகொண்டேதான் வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது வாயை மூடிக்கொண்டேன்.

என் அம்மாவின் வைத்தியம் வெந்தயமும் மோரும். "எங்களுக்கெல்லாம் வலிக்கலையாடி? நாங்க சொல்லிட்டா திரிஞ்சோம்?" என்பார். கல்லூரி இரண்டாம் வருடத்தில் மயங்கி விழுந்த பிறகு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். ஸ்கேன் நார்மல். "கல்யாணம் ஆகி ஒரு குழந்தை பிறந்தா எல்லாம் சரியாயிடும்மா" என்று டாக்டர் என்னிடம் சொல்லாமல் அம்மாவிடம் சொன்னார். எனக்கு அப்போது 19 வயது. சாதாரண ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை என்பதற்காக எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது என்பதைப் பின்னால் வேலைக்காகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கல்யாணமும் இதற்குச் சிகிச்சை இல்லை.

பத்மா என்ன செய்தார்? தனக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் டேமர் செக்கினோடு சேர்ந்து, 2009-ல் அமெரிக்க எண்டோமெட்ரியோசிஸ் அறக்கட்டளையைத் தொடங்கினார். எம்.ஐ.டி.யில் பெண்களின் இந்த நோய்களை ஆராய ஒரு மையம் திறக்கப்பட்டபோது, அதில் முக்கியப் பேச்சாளர் அவர்தான். அந்த அறக்கட்டளை நியூயார்க் பள்ளிகளுக்குப் போய் மாணவிகளிடமும் மாணவர்களிடமும் இதைப் பற்றிப் பேசுகிறது. இதற்கெல்லாம் காசு? வருடாவருடம் 'பிளாசம் பால்' என்று ஒரு பெரிய விருந்து. பணக்காரர்களும் பிரபலங்களும் கவுன் போட்டுக்கொண்டு வந்து, யாரும் உரக்கச் சொல்லாத ஒரு நோய்க்கு நிதி தருகிறார்கள். 'சோஷியலைட்' என்ற வார்த்தையை நாங்கள் கொஞ்சம் இளக்காரமாகத்தான் எழுதுவோம். பார்ட்டிக்குப் போவதையே ஒரு வேலையாக இப்படி மாற்ற முடியுமென்றால், போகட்டுமே என்று தோன்றுகிறது.

குழந்தை பிறப்பது கடினம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். 2010 பிப்ரவரியில் மகள் கிருஷ்ணா பிறந்தாள். இதைப் படித்து யாரும் "பார்த்தியா, சரியாயிடுச்சு" என்று சொல்ல வேண்டாம். எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை.

சென்ற வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பத்மாவின் பேச்சு ஒன்றை யூடியூபில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். முதலில், "இந்தப் பொண்ணு நம்ம ஊரா?" என்று மட்டும் கேட்டார். "36 வயசுலதான் பேர் தெரிஞ்சுதாம்மா" என்றதும் கை நின்றது.

"எனக்கு 38-ல எடுத்தாங்கல்ல" என்றார்.

அம்மாவுக்குக் கருப்பையை எடுத்தது எனக்குத் தெரியும். நான் அப்போது எட்டாவது. கட்டி என்றுதான் சொன்னார்கள். எதனால் என்று அவரும் கேட்கவில்லை, அவருக்கும் யாரும் சொல்லவில்லை. பீரோவில் இருந்த பழைய ஃபைலை எடுத்துவந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில் நான்காவது வரியில் அந்தச் சொல் ஆங்கிலத்தில் இருந்தது. பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவில் இருந்திருக்கிறது. அம்மாவுக்கோ நெருங்கிய உறவுக்கோ இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவத்தில் தெரிந்த விஷயம். அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு வேறொரு டாக்டரிடம் போனோம். இந்த முறை டாக்டர் என்னைப் பார்த்துப் பேசினார். எத்தனை நாள் வலி, எங்கே வலி, மலம் கழிக்கும்போது வலிக்கிறதா, எத்தனை நாள் லீவு என்று அரை மணி நேரம் கேட்டார். இப்போது ஹார்மோன் மாத்திரை எடுக்கிறேன். வலி போய்விடவில்லை, ஆனால் பையை வயிற்றில் அழுத்தாமல் பல்லாவரம் தாண்ட முடிகிறது.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி, அம்மா மதுராந்தகத்தில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டார். சித்தி மகள் பத்தாவது படிக்கிறாள். கூப்பிட்டதும் நலம்கூட விசாரிக்கவில்லை.

"உம் பொண்ணு மாசத்துக்கு எத்தனை நாள் ஸ்கூலுக்கு லீவு போடுறா? சும்மா சொல்லு. எண்ணிச் சொல்லு."