குழைமண்ணின் பதம்

வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கிடைத்த பிறகும் அம்மம்மா தன்ர மண்குசினியை இடிக்க விடவில்லை. ஒவ்வொரு மாரி முடியவும் அதன் சுவரைப் பூச வேணும். போன லீவுக்கு அந்த வேலை என்னிடம் வந்தது.

எந்த மண்ணும் சரிவராது. களி கூடினால் காயேக்க சுருங்கி வெடிக்கும். மணல் கூடினால் உதிரும். புற்றுமண்ணோடு மணல் சேர்த்து, நறுக்கின வைக்கோல் போட்டு, தண்ணி தெளித்து மிதிக்க வேணும். வைக்கோல்தான் வெடிப்பு ஓடாமல் இழுத்துப் பிடிக்கும். இரவு ஊறவிட்டு, விடிய திரும்ப மிதி. அம்மம்மா ஒரு உருண்டை பிடித்துக் காயவிட்டுப் பார்ப்பா. வெடித்தால், "இன்னும் ரெண்டு கை மணல் போடு பிள்ளை." கடைசிப் பூச்சுக்குச் சாணம்.

மண்வீடு என்றாலே வறுமை என்றுதான் எங்கட ஆக்கள் நினைக்கினம். ஆனால் 2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்ற திட்டம் வந்தபோது, வெக்கை தாங்காது என்றும்தான் எதிர்த்தம். மத்தியானத்தில் குளிர்ச்சியாக இருக்கிற சுவரை எப்படிக் கட்டுவது என்று தெரிந்தவையிடம் யார் கேட்டது?

இந்த அளவுகள் எங்கேயும் எழுதியில்லை. அவவின்ர காலுக்குத்தான் தெரியும். அந்தக் காலில் இப்ப முழங்கால் வருத்தம். அடுத்த மாரிக்குப் பிறகு மிதிக்க நான் மட்டும்தான். பதம் எனக்கு இன்னும் அரைவாசிதான் பிடிபட்டிருக்கு.