ரப்பர் ஊரில் ஒரு முழம் ஓஸ்

பழைய கார் வைத்திருப்பவனை ஊர் இரண்டு விதமாகப் பார்க்கும். கார் ஓடினால், ‘கொழுப்பு!’ நின்றுவிட்டால், ‘பாவம்!’ எங்கள் குலசேகரத்தில் மூன்றாவது ஒன்றும் உண்டு: ‘சாரே, வண்டி ஒழுகுது!’

என்னிடம் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மாமா விட்டுப்போன சொத்து. 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டாகப் பிறந்து, 1961-லிருந்து சென்னையில் தயாரான கார். ‘இதெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா?’ என்று முகத்தைச் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். 1962-ல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி அதன்மேல் கட்டியதுதான். இரண்டையும் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற ஒரே இத்தாலியர். ஆக, என்னுடையது ஸ்போர்ட்ஸ் காருக்கு உடன்பிறந்த அண்ணன். கூரை வெறும் போல்ட்டில்தான் நிற்கிறது என்பதால், மாமா அதையும் கழற்றி வைத்துவிட்டார். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் கூரையைக் கழற்றியவர் என்ற பெருமை அவருக்கு இன்றும் உண்டு!

ஒழுகியது மழை அல்ல, பெட்ரோல். பி.காம். படித்தவனுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. வவுச்சரே இல்லாமல் செலவு!

ஹெரால்டில் டாங்க் பின்னால் டிக்கியில். அங்கிருந்து ஓர் இரும்புக் குழாய் அடிவழியாக முன்னால் வரும். இன்ஜின் பக்கவாட்டில் உள்ள பம்ப் பெட்ரோலை உறிஞ்சி கார்புரேட்டருக்குத் தள்ளும். இரும்பு முடிகிற இடங்களில் ரப்பர் ஓஸ். பம்புக்கு முன்னால் ஓஸ் வெடித்தால் காற்றை இழுக்கும். வண்டி முக்கும், முனகும், நிற்கும். பம்புக்குப் பின்னால் வெடித்தால் வெளியே பீய்ச்சும். கார்புரேட்டருக்கு நேர் கீழே, பழுக்கக் காய்ந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. எனக்கு வெடித்தது இந்த இரண்டாவது இடத்தில்!

யோசனைகளுக்குப் பஞ்சமா? டீக்கடையில் ஒருவர், “பார் சோப்பைக் குழைச்சு அப்பும்வே, நிக்கும்” என்றார். சோப்பு பெட்ரோலில் கரையாது என்பதால் டாங்க் ஓட்டைக்கு அது ஒரு பொழுதுக்குத் தாங்கும். ஆடுகிற, வளைகிற ஓஸுக்கு எப்படித் தாங்கும்? ரப்பர் பால் வெட்டுகிற இன்னொருவர், “சைக்கிள் டியூபைக் கீறிச் சுத்தினா போரும். நம்ம ஊர்ல இல்லாத ரப்பரா?” என்றார். நியாயமான கேள்வி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர் தோட்டம். வீட்டுக்கு வீடு கொடியில் துணியோடு ரப்பர் ஷீட்டும் காயும்.

மெக்கானிக் அண்ணாச்சி மட்டும் சிரித்தார். ஒரு ஷீட்டின் ஓரத்தைக் கத்தரித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, பெட்ரோல் ஊற்றி மூடினார். “நாளைக்கு வந்து பாரு மக்களே.”

மறுநாள் பார்த்தேன். துண்டு ஊறின ஜவ்வரிசி மாதிரி உப்பி, கொழகொழவென்று கிடந்தது. “பஞ்சர் ஒட்டுத சொல்யூஷன் வேற என்னவாக்கும்? இப்படிக் கரைச்ச ரப்பர்தான். மரத்துக்க ரப்பர் பெட்ரோலைக் கண்டா நிக்காது.”

டயருக்கு ராஜாவான எங்கள் ஊர் ரப்பர், பெட்ரோலுக்கு முன்னால் பூஜ்யம்! பெட்ரோல் ஓஸ் செய்வது நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரில். இப்போது அதற்கும் சோதனை. 2023-ல் இருபது சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமாகி, 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனாலோடு பழைய காலத்து ரப்பருக்கு ஒத்துப்போகாது. சில இளகும், சில விறைத்து வெடிக்கும். என் ஓஸை வளைத்தபோது அப்பளம் மாதிரி நொறுங்கியது.

உள்பக்கம் ஃப்ளூரோ எலாஸ்டமர் பூசின ஓஸ் வேண்டும். மேலே ‘ஜே-30 ஆர்-9’ என்று அச்சடித்திருக்கும் என்றார் அண்ணாச்சி. குலசேகரத்தில் இல்லை. மார்த்தாண்டத்தில், “கண்ணாடி டியூப் தரட்டா, உள்ள ஓடுகது தெரியும்” என்றார்கள். அந்த பிளாஸ்டிக் டியூப் வெயிலிலும் சூட்டிலும் கட்டையாகிவிடும். கடைசியில் சென்னை நண்பன் ஜி.பி. ரோட்டில் வாங்கி குரியரில் அனுப்பினான். டயருக்கு ரப்பர் அனுப்புகிற ஊருக்குச் சென்னையிலிருந்து ரப்பர்!

வேலை ஒரு மணி நேரம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், வண்டி திறந்தவெளியில். பேட்டரி நெகட்டிவைக் கழற்றியாயிற்று, பக்கத்தில் ஒரு வாளி மணல், பீடிக்குத் தடை. மிச்ச பெட்ரோலைத் தகர டப்பாவில் பிடித்தோம். ஓஸை பிளேடால் நேராக வெட்டிச் செருகி, பழைய கட்டுக்கம்பியைத் தூர எறிந்து, கிளிப் போட்டோம். “பல்லைக் கடிச்சு முறுக்காத, கிளிப்பே ஓஸை அறுத்துப் போடும்” என்றார். ஒன்று கெட்டால் அதே வயதுள்ள மற்றதும் கெடும் என்று டாங்கு வரை எல்லாவற்றையும் மாற்றினோம். பம்பில் உள்ள சின்ன நெம்பியைக் கையால் அடித்து, பெட்ரோல் ஏற்றி, மூட்டுக்கு மூட்டு காகிதத்தால் ஒற்றிப் பார்த்தோம். உலர்ந்த காகிதம். இன்ஜினை ஓடவிட்டு மறுபடி ஒற்றினோம். அப்போதும் உலர்ந்த காகிதம்.

‘நமக்கேது ஸ்போர்ட்ஸ் கார்!’ என்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கும் ஆபீஸ் நண்பர்களே, கொஞ்சம் இருங்கள். உங்கள் பழைய பைக்கிலும் டாங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே நாலு விரற்கடை ஓஸ் ஒன்று உண்டு. அதற்குக் கீழேயே சூடான இன்ஜின். கடைசியாக அதை எப்போது பார்த்தீர்கள்? வருகிற ஞாயிறு, வண்டி ஆறியபின் லேசாக வளைத்துப் பாருங்கள். கீறல் தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். செலவு, ஒரு சினிமா டிக்கெட். இதற்கு வவுச்சர் கூடக் கேட்க மாட்டேன்!