பதினெட்டோடு முடிந்த கணக்கு

மணவிலக்கு வேண்டும் என்று சொன்னால் கல்லெறிந்த காலம் ஒன்றிருந்தது. 1929இல் செங்கற்பட்டு மாநாடு அவ்வுரிமைக்காகத் தீர்மானம் இயற்றியபோது வைதிகர் கொதித்தனர். 1955இல் சட்டமே வந்துவிட்டது. உரிமை வந்தது, அதற்குப் பின்னே வரும் கல்லூரிக் கட்டணச் சீட்டைப் பற்றி யார் பேசினார்கள்?

என் தமக்கையார் மணவிலக்குப் பெற்றபோது அவர் மகனுக்கு வயது ஒன்பது. "மகன் மேஜராகும் வரை மாதந்தோறும்" என்றது தீர்ப்பு. அத்தானைக் குறை கூறுவதற்கில்லை. ஒரு மாதமும் தவறாது அனுப்பினார். 2022இல் பையன் பிளஸ் டூ தேறினான். பொறியியல் கல்லூரியில் இடமும் பெற்றான். அதே ஆண்டில் அவனுக்குப் பதினெட்டு நிறைந்தது, பணம் நின்றது. நேரில் சென்று கேட்டேன்.

"தம்பி, தீர்ப்பில் உள்ளதை ஒரு காசு குறையாமல் கொடுத்துவிட்டேன். இனி அவன் பெரியவன்."

சினமின்றிச் சொன்னார். அதுதான் என்னை வாட்டியது. தமக்கையாரின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

பதினெட்டு! 1875ஆம் ஆண்டுச் சட்டம் கிழித்த கோடு அது. சொத்தை விற்க அக்கோடு போதும். ஆனால் கல்லூரி வாயில் திறப்பதும் அதே வயதில்தானே! செலவு மலைபோல் உயரும் நாளில் தகப்பன் கணக்கை முடித்துக்கொள்ளலாமாம்!

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். தாய், தந்தை இருவர்மீதும் பொறுப்பைச் சுமத்துகிறது, நன்று. ஜீவனாம்சத்தில் கல்வியும் அடங்கும் என்கிறது, மிக நன்று. ஆனால் மகனுக்குப் பதினெட்டில் கதவடைப்பு. தன்னைக் காத்துக்கொள்ள வழியற்ற மகளுக்கோ, மணமாகும் வரை உதவி; கல்யாணச் செலவும் உண்டு! மகள்மீது பரிவு என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அவள் பட்டம் பெறுவாள் என்றன்று, தாலி பெறுவாள் என்றே அச்சட்டம் எதிர்பார்த்தது. இருவரில் ஒருவரையேனும் மாணவராக அது காணவில்லை.

2021இல் தில்லி உயர்நீதிமன்றம், மகன் பதினெட்டை எட்டினான் என்பதற்காக அவன் படிப்புச் சுமை முழுவதையும் தாய் தலையில் ஏற்றலாகாது என்றது. அதே ஆண்டில் உச்சநீதிமன்றமும் ஒரு வழக்கில், முதல் பட்டம் முடியும் வரை மகனின் செலவைத் தந்தை ஏற்க ஆணையிட்டது. நல்ல தீர்ப்புகள்தாம், வழக்காடுவோருக்கு! "பிள்ளையைத் தகப்பனுக்கு எதிரே கூண்டில் நிறுத்த மாட்டேன்" என்று தமக்கையார் மறுத்துவிட்டார். எத்தனை தாய்மார்கள் இப்படி மறுத்திருப்பார்களோ!

உடன்பாட்டு மணவிலக்கு மனுவோடு நண்பர் எவரேனும் வந்தால், நகை, வீடு பற்றிய பேச்சுக்கு முன்பே ஒரு வரியை எழுதச் சொல்கிறேன்: "மேஜராகும் வரை" அன்று; "முதல் பட்டம் முடியும் வரை, இருவர் வருமானத்துக்கும் ஏற்ற விகிதத்தில்." பிள்ளை தொட்டிலில் கிடக்கையில் கல்லூரிப் பேச்சா என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே எழுதியும் தருகிறார்கள்.