உம்மாவின் தஸ்பீஹ்



நேற்று ஸுபஹ் தொழுகைக்குப் பிறகு என் கையில் தஸ்பீஹைக் கண்ட மாணவன் ஒருவன், "சேர், நீங்களுமா?" என்று கேட்டான். அந்த இடத்தில் விளக்கம் சொல்ல வாய்க்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற எங்களுக்கு இரண்டு மணித்தியாலம்தான் தந்தார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. உம்மாவின் காதிலும் கழுத்திலும் கிடந்த நகையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கையிலிருந்த தஸ்பீஹ் யாருக்கும் தேவைப்படவில்லை. வவுனியா வந்து சேரும்வரை உம்மாவின் விரல்கள் ஓயவேயில்லை.

புத்தளத்தில் முகாமில் இருந்தபோது அது அறுந்து, ஒரு மணி தொலைந்துபோனது. என் பழைய பள்ளிக்கூடச் சட்டையின் பொத்தான் ஒன்றைக் கோத்து உம்மா 33 ஆக்கினார்.

பிறகு நான் ஆசிரியரானேன். நாலு பயான் கேட்டேன், நாலு புத்தகம் படித்தேன். ஒருநாள், "உம்மா, விரலால எண்ணுறதுதான் ஸுன்னத். இத ஏன் இன்னும் வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"சரி மகன்" என்று பெட்டிக்குள் வைத்துவிட்டார். நான் சரியானதைச் சொன்னேன் என்ற திருப்தியோடு எழும்பிப் போனேன்.

உம்மா மௌத்தான பிறகு ராத்தா அதை என் கையில் தந்தார். "அந்தப் பொத்தான் விரல்ல படும்போதெல்லாம் உம்மா ஒனக்கு துஆ கேப்பாங்க. தெரியாதா?"

தெரியாது. நான் கேட்கவேயில்லையே.

விரலால் எண்ணுவதே சிறந்தது. அந்தக் கருத்தில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. தொழுதபின் விரலால்தான் எண்ணுகிறேன். முடிந்ததும் இதை எடுத்து, பொத்தானைத் தேடிப் பிடித்து, உம்மாவுக்காக துஆ கேட்கிறேன். இரவில் போனுக்கு மேலே இதை வைத்துவிட்டுத் தூங்குகிறேன். ஸுபஹுக்கு எழும்பும்போது கை முதலில் இதில்தான் படும். வாட்ஸ்அப்பைத் திறக்க முதல் அல்லாஹ்வின் ஞாபகம் வரும். மணிகளில் எந்தச் சக்தியும் இல்லை. என்னைப் போன்ற மறதிக்காரனுக்கு ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டு மூத்தவர்களின் கையிலும் ஒரு பழைய தஸ்பீஹோ, கிழிந்த முஸல்லாவோ இருக்கலாம். திருத்தப் போவதற்கு முதல் பக்கத்தில் உட்கார்ந்து அதன் கதையைக் கேளுங்கள்.

என் உம்மாவின் மஃபிரத்துக்காக துஆ செய்யுங்கள்.