மறுபுறம் இல்லாத துணி

அம்பாங் சாலை நெடுகிலும் எழும்பியிருக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து தருவது என் தோழியின் தொழில். புது வீடு வாங்கியவர்கள் அவளிடம் முதலில் கேட்பது, சுவருக்கு என்ன சாயம் அடிக்கலாம் என்பதைத்தான். "சுவர் கடைசியில் வரட்டும். உங்கள் மனசுக்குப் பிடித்த துணி ஒன்றை முதலில் காட்டுங்கள்" என்பாள். அவள் பயணம் போன ஊர்களெல்லாம் வீட்டு மரப்பெட்டியில் துணியாக மடிந்து கிடக்கின்றன. மதுரைச் சுங்குடி, சரவாக்கின் ஈபான் பெண்கள் நெய்யும் புவா கும்பு, பழவேற்காட்டுத் துறையிலிருந்து ஒரு காலத்தில் கப்பலேறி மலாய் நாட்டுக்கு வந்த கட்டம் போட்ட கைலியின் இன்றைய வாரிசு ஒன்று. சுங்குடிப் புள்ளிகளைக் குளியலறைத் தரைக்கும், புவா கும்புவின் துருச்சிவப்பைப் படிப்பறைச் சுவருக்கும் அவள் கொண்டுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

அண்மையில் ஒரு வீட்டுக்காரர் கூடத்து ஜன்னலுக்குப் பாத்தேக் திரைச்சீலை கேட்டார். பேரங்காடியில் காட்டியதெல்லாம் இயந்திரத்தில் அச்சடித்த துணி. "கையால் வரைகிற இடம் நம் அம்பாங்கிலேயே இருக்கிறது, வந்து பார்" என்று என்னையும் அழைத்துப் போனாள்.

அம்பாங்கை இன்று கொரிய உணவகங்களுக்கும் யோங் தாவ் பூவுக்கும் தேடி வருகிறார்கள். 1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் ஈயம் தோண்ட வந்த காடு இது. அவர்களில் பெரும்பாலோர் காய்ச்சலில் மாண்டார்கள். இங்கே தோண்டிய ஈயத்தால்தான் கோலாலம்பூர் பிறந்தது. ராஜாவின் பெயர் வரலாற்றுப் பாடத்தில் இருக்கிறது. அந்த 87 பேரில் ஒருவர் பெயரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

கார் பட்டறைகளுக்கு நடுவே, தகரக் கூரையின் கீழ் இருந்தது பாத்தேக் பட்டறை. உள்ளே நுழைந்ததும் மெழுகு வாசம். நீளமான சட்டங்களில் வெள்ளைத்துணி விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்க, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தமிழர் அதன்மேல் குனிந்து கோடு இழுத்துக்கொண்டிருந்தார். தோழி அவரை அண்ணன் என்று அழைத்ததால் எனக்கும் அவர் அண்ணன் ஆனார். கிளந்தான், திரெங்கானு மாநிலங்களின் கலை இது. இதை ஒரு தோட்டப்புறத் தமிழர் செய்வதைக் காண்பேன் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

அவர் கையில் இருந்த கருவிக்குச் சந்திங் என்று பெயர். மரப்பிடியின் முனையில் கட்டைவிரல் அளவுக்குச் செம்புக் கிண்ணம். அதிலிருந்து ஊசிபோல நீண்ட மூக்கு. கிண்ணத்தில் உருக்கிய மெழுகை மொண்டு, மூக்கு வழியாகத் துணியில் ஒழுகவிட்டு வரைகிறார்கள். பாரஃபின் மெழுகு, தேன்மெழுகு, டமார் பிசின் மூன்றும் சேர்ந்த கலவை அது. செம்புத் தகட்டை வெட்டி, சுருட்டி, பற்றவைத்துத் தன் சந்திங்குகளைத் தானே செய்துகொள்கிறார் அண்ணன். மெல்லிய இலை நரம்புக்கு ஒன்று, தடித்த ஓரக்கோட்டுக்கு ஒன்று என்று ஒரு டப்பா நிறைய வைத்திருந்தார். மூக்கு அடைத்துக்கொண்டால் குத்திவிட ஒரு கம்பி இழை.

மெழுகு அதிகம் காய்ந்திருந்தால் கோடு பரவிக் கெட்டுவிடும். சூடு தணிந்துவிட்டால் துணியின் மேலேயே தங்கிவிடும். அடியில் சாயம் புகுந்துவிடும். சரியான சூட்டில் அது இழைக்குள் இறங்கி மறுபக்கமும் தெரிய வேண்டும். சிறிது வரைந்ததும் அண்ணன் துணிக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்க்கிறார். கீழிருந்து பார்த்தாலும் அதே கோடு முழுமையாகத் தெரிந்தால்தான் மேலே போகிறார்.

"எங்கே கத்துக்கிட்டீங்கண்ணே?" என்று கேட்டேன்.

"அம்மா கித்தா மரம் சீவுறப்ப நானும் கூடவே போவேன் தம்பி. கத்தி பட்டையில மட்டும் போவணும். மரத்துல பட்டுச்சுன்னா காயமாயிரும், அப்புறம் அந்த எடத்துல பால் சரியா வராது. இந்த மெழுகும் அப்படித்தான். அளவு கைக்குத்தான் தெரியும்."

தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது அவருக்குப் பதினாறு வயது. லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். குடும்பம் நகரத்துக்கு வந்து ஒரு புறம்போக்குக் குடிசையில் ஒண்டியது. மெழுகு நீக்கும் கொதிதொட்டிக்கு ஆள் வேண்டுமென்று யாரோ சொல்லி இந்தப் பட்டறைக்கு வந்தார். துணியைக் கொதிநீரில் அலசி, மிதக்கும் மெழுகை வழித்தெடுப்பதுதான் வேலை. அப்போதைய முதலாளி கிளந்தானிலிருந்து வந்த பெரியவர். பகல் சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பையன் கழிவுத் துணியில் கோடு போட்டுப் பார்ப்பதைக் கண்டவர், திட்டவில்லை; ஒரு பழைய சந்திங்கைக் கொடுத்தார். அதன் பிடி தேய்ந்து, விரல் பதியும் இடம் குழிந்திருக்கிறது. இன்றும் அண்ணன் அதைத்தான் முதலில் எடுக்கிறார்.

அடுத்த சட்டத்தில் கிளந்தான் அக்கா ஒருவர் சாயம் தீட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் அவரைக் 'கக்' என்கிறார். இருவரும் கிளந்தான் மலாயில் பேசிக்கொள்வது எனக்கு முழுதாகப் புரியவில்லை. செம்பருத்தி இதழுக்குள் அக்கா முதலில் வெறும் தண்ணீரைத் தடவினார். ஓரத்தில் கருஞ்சிவப்பைத் தொட்டதும் ஈரத்தின் வழியே அது உள்ளே நகர்ந்து, நடுவில் இளஞ்சிவப்பாக வெளிறியது. மெழுகுக்கோட்டைத் தாண்டி ஒரு துளி போகவில்லை. பின்புலத்துக்கு ஒரு சாம்பல் நீலம். அது எங்கிருந்து வந்தது என்று தோழி கேட்டாள். அக்கா வாசலுக்கு வெளியே கை காட்டினார். பிற்பகல் மழைக்கு முன் உலு கிள்ளான் பக்கம் படிகப் பாறைத்தொடர் மேல் கவியும் வானத்தின் நிறம் அது. தோழி உடனே தன் குறிப்பேட்டைத் திறந்தாள். அந்த வீட்டுச் சுவருக்கான சாயம் அங்கேயே முடிவாகிவிட்டது.

சாயம் நிலைக்கச் சிலிகேட் பூசி ஊறவைப்பது, அலசுவது, சோடா போட்டுக் கொதிக்கவைத்து மெழுகை நீக்குவது என்று வேலை இன்னும் நீள்கிறது. அவற்றின் வேதியியலை விட்டுவிட்டு, முடிந்த துணியிடம் வருகிறேன்.

அண்ணன் ஒரு துணியை வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். சாயம் இழை முழுக்க ஊறியிருந்ததால் வெயில் அதன் வழியே வந்து எங்கள் மேல் நிறமாக விழுந்தது. உள்ளே நின்று பார்த்தாலும் வெளியே நின்று பார்த்தாலும் அதே பூ, அதே அடர்த்தி. தோழி கையோடு கொண்டுவந்திருந்த அச்சுத்துணியை அதன் பக்கத்தில் பிடித்தோம். முன்பக்கம் பளபளப்பு, பின்பக்கம் வெளிறிய நிழல். வெளிச்சம் பட்டதும் முன்பக்கமும் மங்கிப்போனது. திரைச்சீலை என்பது இரண்டு பக்கமும் பார்க்கப்படும் பொருள். ஜன்னலுக்கு எது ஏற்றது என்பதை வெயிலே சொல்லிவிட்டது.

பிறகு விலையைப் பற்றிப் பேச்சு வந்தது. அண்ணனின் குரல் தணிந்தது. கடைக்காரர்கள் துணியை வாங்குவதில்லை, வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். விற்றால் பணம், அதுவும் மாதங்கள் கழித்து. விற்காவிட்டால் மடிப்பும் அழுக்குமாகத் துணி திரும்பி வரும். பட்டறைக்குத் தரும் விலையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வைத்துக் கடையில் விற்பதை அவரே பார்த்திருக்கிறார். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மாதிரி பார்க்க வேண்டுமென்று ஓர் இடைத்தரகர் வந்தார். கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை. சில மாதங்களில் அண்ணன் வரைந்த அதே பெரணி இலை, பாலியெஸ்டரில் அச்சாகிச் சந்தைக்கு வந்தது.

இதைத் திருட்டு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? அலங்காரத் தொழிலில் இருப்பவர்கள் இதற்கு 'உந்துதல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வானத்திலிருந்து நிறத்தை எடுக்கலாம். வானம் கூலி கேட்காது. அந்த வானத்தைப் பார்த்து நிறம் கலக்கும் கைக்கு வாடகை உண்டு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு உண்டு. வரைந்தவர், தீட்டியவர், அலசியவர் மூவருக்கும் சேர்ந்து கிடைப்பதைவிட, துணியைக் கொக்கியில் மாட்டி வைத்தவருக்கு அதிகம் கிடைக்கிற வணிகத்தை நியாயம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்த நாடு பாத்தேக்கைக் கைவிட்டுவிட்டது என்று சொல்வதற்கில்லை. அரசு ஊழியர்கள் வியாழக்கிழமைகளில் பாத்தேக் அணியும் வழக்கம் இருக்கிறது. எண்டோன் மாமூட் முன்னெடுத்த பியாலா ஸ்ரீ எண்டோன் வடிவமைப்புப் போட்டி 2003இல் தொடங்கியது. வீட்டுத் துணிகளுக்கென்றே அதில் தனிப்பிரிவு வைத்தார்கள். ஜாலான் கொன்லேயில் உள்ள கைவினை வளாகத்தில் குழந்தைகளும் மெழுகு தொட்டு வரைந்து பார்க்கலாம். அதற்கும் முன்பே, 1950களில் பினாங்கின் சுவா தியன் தெங் பாத்தேக்கை ஓவியமாக்கிச் சுவரில் ஏற்றிவிட்டார். மரியாதைக்குக் குறைவில்லை. அந்த மரியாதை கூலியாக மாறி அம்பாங்கின் தகரக்கொட்டகைக்கு வந்து சேர்வதில்தான் குறை.

வாங்குகிறவர் போனால் கலை என்னவாகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. கோடாலிக் கருப்பூரில், ஜரிகை சேர்த்து நெய்த துணியில் மெழுகால் தடுத்துக் கையால் சாயமிட்டுத் தஞ்சை மராட்டிய அரண்மனைக்குச் சேலைகள் செய்தார்கள். 1855இல் தஞ்சை அரசு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. ஆதரித்தவர்கள் போனதும் அந்தச் சேலைத்தொழில் நலிந்து மறைந்தது. இன்று அவை அருங்காட்சியகப் பொருள்கள். எந்த அரசருக்காகச் செய்யப்பட்டது என்று சொல்ல முடிகிறது. யார் செய்தார் என்று சொல்ல முடிவதில்லை.

இதற்கு மாறான கதையும் உண்டு. இலங்கையின் பெந்தோட்டையில் 1960களின் இறுதியில் ஜெஃப்ரி பாவா கட்டிய கடற்கரை விடுதியில், வரவேற்புக் கூடத்தின் உட்கூரையைப் பாத்தேக் துணியே அலங்கரித்தது. அதைச் செய்தவர் ஏனா டி சில்வா. அந்தக் கூரையைப் பற்றி எழுதுகிறவர்கள் கட்டடக் கலைஞரின் பெயரோடு அவருடைய பெயரையும் எழுதுகிறார்கள். பின்னாளில் மாத்தளை அருகே அலுவிஹாரையில் கிராமத்துப் பெண்களுக்கு அவரே வேலை உண்டாக்கினார். துணிக்கு ஒரு பெயர் இருந்ததால் வேலையும் நிலைத்தது.

தோழி அன்று முழுத் திரைச்சீலைக்கும் பட்டறையிலேயே நேராகச் சொல்லிவிட்டு, பாதிப் பணத்தை முன்கூட்டிக் கொடுத்தாள். வீட்டுக்காரரிடம் தரும் விலைப்பட்டியலில் 'வரைந்தவர்', 'சாயமிட்டவர்' என்று இரண்டு வரிகளைச் சேர்த்து, இருவர் பெயரையும் எழுதினாள். இதை ஒருத்தி செய்தால் நல்லெண்ணம். கோலாலம்பூரில் வீட்டை அழகு செய்யும் ஒவ்வொருவரும் செய்தால் அதுவே தொழில்முறை ஆகிவிடும். துணி வாங்கப் போகிறவர்களும் இரண்டைச் செய்யலாம்: துணியைத் திருப்பிப் பாருங்கள்; யார் செய்தது என்று கேளுங்கள். கடைக்காரருக்குப் பெயர் தெரியவில்லை என்றால், தெரிந்த இடத்துக்குப் போய் வாங்குங்கள்.